அண்ணன் கல்லில் இருந்த தேதி

மதினி,

இன்று காலை மாட்டுங்கா பூக்கடை வரிசையில் ஒருவர் தாலிக்கயிறுகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அந்த ஈர மஞ்சள் வாசம் மூக்கில் ஏறியது. பூ வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. அதனால் என் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சை நீங்கள்தான் போட்டீர்கள். அண்ணன் பர்மா சண்டைக்குப் போய்க் காணாமல் போனவர். செத்தார் என்று எந்தத் தாளும் வரவில்லை. நீங்கள் பொட்டும் தாலியுமாகவே இருந்தீர்கள். தாராவியில் நம் சந்தில் எந்த நல்ல காரியம் என்றாலும் பட்டாளத்துக்காரர் பொண்டாட்டியைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீங்களும் முறுக்கு மாவுக் கையைக் கழுவி, குழாயடியில் வரிசை தாண்டியவனை இந்தியில் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு, பட்டுச்சேலையில் போய் நிற்பீர்கள்.

அறுபதுகளின் நடுவில் என் மனைவி தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. எட்டு மாதம் கழித்து, ஊர் விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு, சண்டையில் செத்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கிற ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்தீர்கள். மலைச்சரிவில் விழுந்த இடத்திலேயே அவசரமாகப் புதைத்தவர்களை, சண்டை ஓய்ந்ததும் தோண்டி எடுத்து ஒரே இடத்தில் வரிசையாக அடக்கம் செய்தார்களாம். பலருக்குப் பெயரில்லாத வெறும் கல். பழைய காகிதங்களை ஒத்துப் பார்த்ததில் ஒரு கல் அண்ணனுடையது என்று தெரிந்து, பெயர் வெட்டிப் படம் அனுப்பியிருந்தார்கள்.

நீங்கள் அழவில்லை. "எய்யா, தேதி போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள். படித்தேன். சண்டைக்குப் போன ஆறாம் மாதமே அண்ணன் போயிருந்தார். நீங்கள் விரல் விட்டு எண்ணினீர்கள். இருபது வருஷத்துக்கு மேல்.

"அப்பம் தாலியறுத்தவ கையாலயா ஒனக்கு முடிச்சுப் போட்டேன்? என்னாலதான் அந்தப் பிள்ள போயிட்டாளாய்யா?"

படுபாவி நான், பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. நீங்கள் கிடைத்தீர்கள். படத்தை உறையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு நாலு வருஷம் இருந்தீர்கள். பிள்ளைத்தாய்ச்சி யாராவது எதிரே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எல்லோரும் பிடித்து முடித்த பிறகே தண்ணீருக்குப் போனீர்கள். உங்கள் இந்தி நின்றே போனது. எனக்கு மட்டும் வேளை தவறாமல் சோறு போட்டீர்கள். தின்றுகொண்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்று, நாளை என்று தள்ளினேன். காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டீர்கள்.

ரிட்டயர் ஆன வருஷம் அந்த மலைக்குப் போனேன். புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லாக் கல்லும் ஒரே உயரம். அண்ணன் கல்லின் முன்னே உட்கார்ந்து, அந்தத் தேதியை மட்டும் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் மறைக்க முடியும்? "இல்ல மதினி, ஒங்களால இல்ல" என்று வாய்விட்டே சொன்னேன். புல் வெட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

அது அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதல்ல. நீங்கள் கேட்டதற்கான பதிலை இன்னும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், மதினி. வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.