எந்தச் சோடா?

1938 ஒக்டோபர் 11, செவ்வாய்.

இன்று வகுப்பைப் பார்க்கப் பரிசோதகர் வந்தார். அவருடைய அறிக்கையை வைத்துத்தான் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள். நான் வாய் திறக்குமுன் அவரே படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். எந்தக் காபனேட்டைச் சூடாக்கினாலும் கரியமில வாயு வரும், சுண்ணாம்புத் தண்ணீர் பால் போலாகும் என்றார்.

"பிள்ளை, சோடாவை எடும்," என்றார் என்னைப் பார்த்து.

"எந்தச் சோடா சேர்? அப்பச் சோடாவோ, உடுப்புத் தோய்க்கிற சோடாவோ?"

"இது சமைக்கிற குசினி இல்லை," என்று சிரித்துவிட்டு, கைக்கு எட்டிய போத்தலை எடுத்தார். அது உடுப்புச் சோடா. எங்கள் ஸ்பிரிட் விளக்கின் சூட்டுக்கு அது தன்னிலுள்ள தண்ணீரை மட்டுமே விடும், வாயுவை விடாது. கால் மணி நேரம் சூடாக்கினார். சுண்ணாம்புத் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

"சுண்ணாம்புத் தண்ணி பழசு. அப்பிடித்தானே?"

காலையில்தான் வடித்தேன். "ஓம் சேர்," என்றேன்.

ஐம்பது வருடம் அப்பம் தின்ற மனிதர், அது எதனால் பொங்குகிறது என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? அவரிடமுள்ள அதே லண்டன் பட்டம் என்னிடமும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். 'ஆயத்தம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அப்பச் சோடாவைச் சூடாக்கினேன். அதே சுண்ணாம்புத் தண்ணீர் உடனே வெளுத்தது. முன்வாங்கில் இருந்த மாணவி மர்யம் கேட்டாள்:

"அப்ப ஏன் டீச்சர் ஓம் எண்டு சொன்னீங்க?"

தட்டிலிருந்த வேறொரு பரிசோதனைக் குழாயை எடுத்துக் கழுவப் போய்விட்டேன். அது ஏற்கெனவே கழுவிய குழாய்.