சேத்துக்காலி அணி

முக்கூடல்
3.1.2025

ஏட்டி சங்கரி,

சொகந்தானா? போன் போட்டா ‘வேலையா இருக்கேன்’னு வச்சிருத, அதான் காகிதம். தாலுகா ஆபீஸ்ல கபடி அனுமதி மனுவெல்லாம் நீதான் பாக்கியாமே! நான் பழக்குத பிள்ளைகள் பொங்கலுக்கு ஆடுதாளுவ. அணிப் பேரு ‘சேத்துக்காலி’. நாத்து நட்டுட்டு வாற எங்க அம்மாமாரை உங்க தெருவுல கூப்பிட்ட அதே பேருதான். பிள்ளைகளே ஆசைப்பட்டு பனியன்ல அடிச்சுட்டாளுவ. சட்டுனு அனுமதி வாங்கிக் குடு.

உன் தனலட்சுமி

திருநெல்வேலி
7.1.2025

அன்புள்ள தனம்,

மனு வந்தது. சாதியையோ தெருவையோ இழிவாகச் சொல்லும் எந்தச் சொல்லும் அணிப் பெயரில் கூடாதென்று புது உத்தரவு. தங்களைக் குத்திக்காட்டும் பெயரென்று எங்கள் தெருக்காரர்களே புகாரும் கொடுத்துவிட்டார்கள். நான் அனுமதி கொடுத்து, ஆட்டக்களத்தில் ஒரு கல் விழுந்தாலும் என் வேலை போய்விடும். மறுத்தால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? வேறு பெயர் வையேன், கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் சங்கரி

முக்கூடல்
10.1.2025

ஏட்டி,

நல்லாருக்குட்டி நியாயம்! காலங்காலமா உங்க ஆட்க சொல்லும்போது ஒரு உத்தரவும் வரல. நாங்களே நெஞ்சுல எழுதிக்கிட்டா கெட்ட வார்த்தையாயிட்டோ? ஏழாம் வகுப்புல நீயே என்னை அப்படிச் சொல்லிட்டு, அப்புறம் அழுத. நான்தான உன்னைத் தேத்துனேன்?

உன் வேலை போறதுல எனக்கென்ன சந்தோசம்? முடியாதுன்னா முடியாதுன்னே எழுதிக் குடு. அந்தத் தாளை வச்சு கோர்ட்டுக்குப் போறோம். வேற எதுவும் செஞ்சிராத.

தனம்

திருநெல்வேலி
13.1.2025

என் தனத்துக்கு,

மறுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. மனுவில் உங்கள் பெயரை அடித்து, ‘பொருநைத் தோழியர்’ என்று நானே எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். கோர்ட்டு அலைச்சல் உனக்கு வேண்டாம். பிள்ளைகள் ஆடட்டும். கோபப்படாதே, தாயி.

சங்கரி

முக்கூடல்
2.2.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மைக்குல ‘பொருநைத் தோழியர்’னு மூணு தடவ கூப்பிட்டாவ. ‘அது எங்க பேரு இல்ல’ன்னு எங்க பிள்ளைகள் ஒருத்தியும் எந்திரிக்கல. வராத அணின்னு சொல்லி எதிர் அணிக்கு வெற்றி குடுத்துட்டாவ. ஏழு பிள்ளைகளும் பனியனோட உக்காந்து அழுதாளுவ.

மனு நகலை எடுத்துக்கிட்டு வக்கீல்ட்ட போனோம். ‘மறுத்த தாள் இல்லையே, நீங்களே பேரை மாத்திக்கிட்டதால்லா இருக்கு! இது யார் கையெழுத்து? அதைச் சொன்னா கேஸ் நிக்கும்’னார். பிள்ளைகள் எல்லாம் என் மூஞ்சியையே பாத்தாளுவ.

எனக்குத் தெரியாதுன்னுட்டேன்.

உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. இனிமே எனக்குக் காகிதம் போடாதீங்கம்மா.

மு. தனலட்சுமி