உங்களுக்குப் பாடிய ஒப்பாரி

அன்பான அம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை பின்னேரம் நம் கனகராயன்குளம் சந்தியில் நின்ற பஸ்ஸில் என்னைக் கண்டதாக இளையதம்பி மாமா சொன்னாராம். உண்மைதான். நான் இறங்கவில்லை.

ஆராய்ச்சிக்காக ஒட்டுசுட்டானில் ஒப்பாரிகளைப் பதிவு செய்கிறேன் என்று போனில் சொன்னேனே. கணவனுக்கு, தகப்பனுக்கு, அண்ணனுக்கு என்று எல்லாம் கிடைத்துவிட்டன. தாய்க்குப் பாடுவது மட்டும் கிடைக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அழகாயி அம்மாவுக்கு அது தெரியும் என்றார்கள். போய்க் கெஞ்சினேன்.

"எங்கம்மாவுக்கு ஒரு தடவை அழுது முடிச்சாச்சு தம்பி. மறுபடி சாகடிக்க மாட்டேன். வேற யாருக்குன்னு சொல்லுங்க, பாடுறேன்" என்றார்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவங்க தவறிட்டாங்களா?"

"ஓம்."

பாட்டில் சேர்ப்பதற்காக, உங்களுக்குப் பிடித்த பூ எது, என்ன நிறச் சேலை உடுப்பீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போனேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்தபடி பாடினார். அவர் அழுதபோது, குரல் தெளிவாகப் பதிகிறதா என்று நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும், "தீட்டோட பஸ் ஏறக்கூடாது தம்பி" என்று கிணற்றடியில் என் தலையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினார்.

நம் சந்தி வந்தபோதும் தலை காயவில்லை. இறங்கி வந்திருந்தால், சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "எங்கையடா நனைஞ்சனீ?" என்று கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மகன்