வெள்ளை மண் குன்றும் நம் கல்லறை மேடும்

அண்ணி,

உங்கள் பூட்ஸ் வந்து சேர்ந்துவிட்டது. மாவனல்லை ஃபரீதா லீவில் வந்தபோது ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பையைப் பிரித்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. பூட்ஸின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த மண் வெள்ளையாக இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசம். மண் எங்கேயாவது வெள்ளையாக இருக்குமா? ருவான்வெல்லைப் பக்கத்து இந்த றப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மண் என்றால் சிவப்பு. சீலைக் கரையில் ஏறினால் எத்தனை துவைப்புக்கும் போகாத சிவப்பு.

ஃபரீதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் கழுவல்ல. அந்த மலை மண்ணு, நீங்களும் பாக்கட்டும்னு அப்பிடியே கொண்டாந்தன்" என்றார். அதையும் நான் உடனே நம்பவில்லை. என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

அண்ணனைக் கல்லறை மேட்டில் அடக்கம் செய்து சில வருடங்களில் நீங்கள் இங்கிலாந்துக்குக் கிளம்பினீர்கள். கொழும்பில் நீங்கள் வேலை பார்த்த வீட்டார் மூலமாக, ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது என்றீர்கள். பிள்ளை இல்லாதவர், புருஷனையும் இழந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் அவ்வளவு தூரம் எதற்குப் போகிறார் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள். நான் வெளியே கேட்கவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து ஃபோன் கோல் எடுப்பீர்கள். சாப்பாடு எப்படி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, அந்த அம்மா ஏசுவாரா என்று நான் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்ற ஒரே பதில். பிறகு குன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. மரமே இல்லாமல் முழுக்கப் புல். செம்மறி ஆடுகள் மேய்ந்து மேய்ந்து அந்தப் புல் பாய் விரித்த மாதிரி இருக்கும். உச்சியில் மட்டும் ஒரு கூட்டம் மரங்கள். அந்த மரங்களைச் சுற்றி வட்டமாக ஒரு மண் வரப்பும் பள்ளமும். இயேசு பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே ஆட்கள் குடியிருந்து வெட்டிய பள்ளமாம். பள்ளத்தில் நின்றால் காற்று அடிக்காதாம், வரப்பில் ஏறினால் ஆளையே தூக்குமாம்.

ஒருத்தர் தன் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு குன்றைப் பற்றி மட்டும் இவ்வளவு பேசினால் என்ன நினைப்பது? எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் அனுப்பிய படங்களும் அப்படித்தான். குன்றில் நிற்கிற படம், வேலியைத் தாண்டுகிற படம், உச்சியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற படம். வீட்டுக்குள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. தனியாகத்தான் நடக்கப் போகிறேன் என்று முன்பொரு நாள் சொன்னவரை இவ்வளவு தூரத்தில் நின்று படம் எடுத்தது யார்? ஒரு படத்தில் புல்லின் மேல் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. தலையில் அகலத் தொப்பி. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஃபோனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெயில் அடிச்சா நெழல் விழும்தான்" என்று சொல்லிப் போய்விட்டார். நான் விடவில்லை. நான் வேலை பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும்விட அந்தப் பாதைக் கதைதான் எனக்குப் பொய்யாகப் பட்டது. குன்றுக்குப் போகிற பாதை ஒரு பெரிய காணிக்காரரின் வயலுக்கு நடுவே போகிறது என்றீர்கள். வயல் அவருடையதாம், ஆனால் பாதை எல்லோருக்குமாம். அவர் உழுதாலும் பாதை இருந்த இடத்தில் திரும்பப் பாதை போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வேலி குறுக்கே வந்தால், ஏறி இறங்க இரண்டு பலகை அடித்து வைத்திருப்பார்களாம். முன்னொரு காலத்தில் ஒரு காணிக்காரர் பாதையை மூடினாராம். ஊர்க்காரர்கள் கூடிப் போய் வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு நடந்தார்களாம். அதிலிருந்து வருடத்தில் ஒரு நாள் ஊரே திரண்டு அந்தப் பாதையில் நடக்கிறதாம், மறந்துபோகக் கூடாதென்று.

"இங்க யாரும் எங்க போறன்னு கேக்க மாட்டாங்க, புள்ள" என்றீர்கள்.

எந்தப் பாதையில் போனாலும் ஒருவர் நின்று விசாரிக்கிற இடத்தில் வாழ்கிறவள் நான். யாருமே கேட்காத இடம் என்றால் அங்கே என்னவோ சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் லீவில் வந்தது நினைவிருக்கிறது. சீலைக்குக் கீழே அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினீர்கள். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று பகல் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"அங்க தனியா நடக்க பயமில்லையா அண்ணி?"

"தொணைக்கு ஆள் இருக்கு."

"நல்ல ஆளா?"

"நல்ல ஆள்தான். நல்லா சமைக்கும்."

யார் என்று கேட்காமல் அடுத்த கிழங்கை எடுத்தேன். மேட்டில் படுத்திருக்கும் அண்ணனை நினைத்தேன். நீங்கள் கிழங்கை நறுக்கிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்ததை நான் கவனித்தேன். அதையும் குற்றக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு இருவரும் கல்லறை மேட்டுக்குக் கிளம்பினோம். பழைய தொரை பங்களாவுக்குப் பக்கத்தால் ஏறுகிற நம் பாதை. பால் வெட்டி முடித்த மரங்களில் சிரட்டைகள் நிறைந்திருந்தன. வளைவு திரும்பியதும் கேட். இரும்புக் கேட், புதுப் பெயின்ட், சங்கிலி போட்டுப் பூட்டு. நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பங்களாவைக் கொழும்பு ஆட்கள் எடுத்து வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டலாக்கிவிட்டார்கள். பாதையைத் திருத்தப் போகிறோம், கொஞ்ச நாளைக்குத் தார் ரோட்டால் சுற்றிப் போங்கள் என்று சொன்னார்கள். கிழவர்கள் சுற்றி நடக்க முடியாமல் கல்லறைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம்தான், திருத்துகிற இடத்தில் ஒரு மண்வெட்டியைக்கூட நான் பார்க்கவில்லை என்றேன்.

"யாருகிட்ட கேட்ட?"

"யாருகிட்டயும் கேக்கல."

என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கோபமாக இல்லை.

"ஒன் வீட்டுக்காரரு எல்லாம் சொன்னாரு. நெழலப் பாத்து என்னய வெசாரிக்கத் தெரியுது. அது மாவனல்லை ஃபரீதா. அடுத்த ஊர்ல என்னய மாதிரியே வேல பாக்குது. வெயிலுக்குத் தொப்பி போடும். முந்தி தனியாத்தான் போனேன், பெறகுதான் அது தொணைக்கு வந்துச்சு. யாரு அண்ணின்னு நேரா கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ சுத்தி வளச்சுத்தானே கேட்ட?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒன் சந்தேகத்த எம்மேல செலவழிக்காத, புள்ள. இந்தக் கேட்டு மேல வை" என்றீர்கள்.

அதற்குள் காவல்காரர் வந்துவிட்டார். கீழே கிராமத்துச் சிங்கள மனிதர், நம்மைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். உங்கள் பூட்ஸைப் பார்த்துக் குழம்பிப்போய், "பார வஹலா, நோனா" என்றார், பாதை மூடியிருக்கிறது என்று. நான் பெரிய இடத்து நோனா இல்லை, கீழ் லயத்து ஆள்தான் என்று நீங்கள் சிங்களத்தில் சொன்னதும் அவருக்கு அடையாளம் பிடிபட்டது. யார் மூடச் சொன்னது, எப்போது திறப்பார்கள் என்று கேட்டீர்கள். அவருக்குத் தெரியவில்லை. என் புருஷன் மேலே இருக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் வேலி தணிந்திருந்த இடத்தில் சீலையைச் சொருகிக்கொண்டு ஏறினீர்கள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு காலாக. காவல்காரர் எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு றப்பர் மரத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். பொலிசுக்குச் சொல்லத்தான் திரும்பியிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் ஃபோனையே எடுக்கவில்லை. மெழுகுதிரிகளை உங்களிடம் நீட்டிவிட்டு நானும் ஏறினேன். ஒரு அட்டை என் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கவும் பயம்.

அண்ணனின் கல்லறை மேல் காடு மண்டியிருந்தது. இருவரும் பிடுங்கிச் சுத்தம் செய்தோம். மெழுகுதிரி பற்றவைத்துவிட்டு நீங்கள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். அந்தக் குன்றின் அடியில், வயலுக்கு நடுவே புல் மூடிய ஒரு மண் குவியல் இருக்கிறதாம். ஆதி காலத்தில் யாரையோ புதைத்த இடம். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. உழுகிறவர்கள் அதைச் சுற்றித்தான் உழுவார்கள், அதன் மேல் கலப்பை வைப்பதில்லை.

"பேரு தெரியாத மனுசனுக்கே அவ்வளவு மரியாத குடுக்குறாங்க. ஒங்க அண்ணனுக்குப் பேரு இருக்கு. நாமதான் வந்து போகணும்."

உங்கள் கண் கலங்கியிருந்தது. அண்ணனை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் மனதில் கட்டியிருந்த வழக்கு அந்த இடத்தில் உடைந்துபோனது.

லீவு முடிகிற வரை தினமும் ஏறினீர்கள். இரண்டாம் நாள் நாலைந்து பெண்கள் கூட வந்தார்கள். நீங்கள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏறினோம். கிழவிகளுக்கு வேலி ஏறக் கஷ்டமாக இருந்ததால், என் வீட்டுக்காரர் உங்கள் படத்தைப் பார்த்து அதேபோல் இரண்டு பலகை அடித்து வைத்தார். அதை யாராவது பிடுங்குவார்கள் என்று நான் காத்திருந்தேன். பிடுங்கவில்லை. சில மாதத்தில் பூட்டையே காணோம். யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. காவல்காரர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, நல்ல சந்தேகம்.

போன குளிர் காலத்தில் ஃபரீதா கோல் எடுத்து உங்களுக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி, முடிந்துவிட்டது என்று சொன்னபோதும் நான் நம்பவில்லை. என்னவோ ஏமாற்றுகிறார்கள் என்று சத்தம் போட்டேன். உங்களை இங்கே கொண்டுவர வழியில்லை. குன்றின் அடியில் இருக்கும் சர்ச் வளவிலேயே அடக்கம் செய்தார்கள். ஃபரீதா ஃபோனில் நேரடிப் படமாகக் காட்டினார். புது மண் வெள்ளையும் சாம்பலுமாகத் தெரிந்தது, ஃபோன் கோளாறு என்று நினைத்தேன். பெட்டியை இறக்கும்போது படம் ஆடியதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும், குன்றைக் காட்டச் சொன்னேன். ஃபரீதா ஃபோனைத் திருப்பினார். நீங்கள் சொன்ன அளவுக்கு ஒன்றும் உயரமில்லை. நம் கல்லறை மேடு இதைவிடச் செங்குத்து. ஆனால் புல் இருந்தது, உச்சியில் மரக் கூட்டம் இருந்தது, ஆடுகள் இருந்தன. உழுத வயலுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு பாதை போனது. அதில் ஒரு வயதான ஆள் நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். யாராவது அவரை நிறுத்துவார்களா என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. அவர் வேலியை ஏறி இறங்கி, சரிவில் சின்னதாகிச் சின்னதாகி, மரங்களுக்குள் மறையும் வரை ஃபோனை அசைக்காமல் பிடிக்கச் சொன்னேன். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். தமிழ் பேசுகிற கொழும்புப் பையன், நல்ல மரியாதை. போன மாதம் எங்களைக் கூப்பிட்டு டீயும் கேக்கும் கொடுத்தார். கேக்கைப் பார்த்ததுமே நான் உஷாராகிவிட்டேன். கல்லறைப் பாதையைப் பாரம்பரியப் பாதை என்று போர்டு போட்டு அழகாக்கப் போகிறார்களாம். வெள்ளைக்காரர்களும் நடப்பார்களாம்.

"நீங்களும் தாராளமா வரலாம் ஆன்ட்டி. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தாப் போதும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை இடித்தது.

"சொல்லாம வந்தா?" என்று கேட்டேன்.

சிரித்தார்.

"தம்பி, நேரா கேக்குறேன். இந்தப் பாதைய எப்பவாவது மூடுவீங்களா?"

மூடவே மாட்டோம் என்றார். அதைக் காவல்காரருக்கும் கேட்கும்படி, சிங்களத்திலும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் சொன்னார். நான் கேக்கைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நேற்று ஞாயிறு. விடியலிலிருந்து மழை. இந்த மழையில் எதற்கு, அதுதான் மூட மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்றார் என் வீட்டுக்காரர். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறினோம். மேலே காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. அண்ணனுக்கும் உங்களுக்கும் சேர்த்து ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினோம். அந்தப் பையன் நல்லவனாகவே இருக்கலாம். நம்பியிருந்தால் நாங்கள் வீட்டில் இருந்திருப்போம்.