கரண்டியில் மூன்று பெயர்கள்

உம்முடைய மகள் இன்று காலை உம்முடைய பழைய வெள்ளிக் கரண்டிகள் கிடக்கும் அந்தப் பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் கரும்பலகைச் சோக்கு மணம். வெள்ளி கறுக்காமல் இருக்க உம்முடைய கையால் போட்டுவைத்த சோக்குக்கட்டிகள் அப்படியே கிடந்தன. நீர்தான் உயிரோடு இல்லை, சிநேகிதி. எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

மற்றக் கரண்டிகளை விடும். நான் தேடியது அந்த அமெரிக்கக் கரண்டியை. டுசல்டோர்ஃப் பழைய சாமான் சந்தையில், முள்ளுக்கரண்டிகள் குவிந்த பெட்டிக்குள் அதை முதலில் கண்டது நான். எடுத்துத் திருப்பிப் பார்த்தது நீர். யாருடையது என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. ஜெர்மனியில் செய்த வெள்ளி என்றால் பிறையும் கிரீடமும் 800 என்ற தர இலக்கமும் இருக்கும். இதில் இலக்கமே இல்லை. காம்பின் பின்புறத்தில், சின்ன நீள்சதுரத்துக்குள் ஓர் ஆங்கிலப் பெயர் மட்டும்.

"இது சொந்தக்காரியின்ரை பேர். இரவல் குடுத்தால் திரும்பி வரவேணுமெண்டு வெட்டுவிச்சிருக்கிறா," என்றீர்.

நானும் நம்பினேன். செம்பு, சருவம் என்று பாத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டித்தானே நாம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இரவல் கொடுத்தோம்? இரண்டு பேருமாக அந்தச் சொந்தக்காரிக்கு ஒரு வீட்டையும், இரவல் வாங்கித் திருப்பிக் கொடாத ஒரு பக்கத்துவீட்டுக்காரியையும் உண்டாக்கினோம். பிறகு வெள்ளிக்கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் குழப்பினார். அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டார் வெள்ளிக் காசுகளை உருக்கிக் கரண்டி செய்வார்களாம். பின்புறப் பெயர் செய்தவருடைய முத்திரை. முன்பக்கப் பிடியில் கொடிபோல் வளைந்திருக்கும் எழுத்துகள்தான் வைத்திருந்தவருடையவை.

நீர் ஒப்புக்கொள்ளவில்லை. "செய்தவன் தன்ரை பேரைப் போடுவானோ? எங்கட தட்டார் போட்டவரோ?" என்று தெருவில் என்னோடு சண்டை.

"அப்ப இப்ப இது ஆரின்ரை கரண்டி?" என்று கேட்டேன்.

"என்ரை பேணிக்குள்ளை கிடந்தால் என்ரை," என்றீர். உம்முடைய வாய் வேறு ஒருவருக்கும் வராது.

இன்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிடியில், அந்தக் கொடி எழுத்துகளுக்குக் கீழே, புள்ளி புள்ளியாகத் தமிழில் உம்முடைய பெயர். பாத்திரக்கடையில் வெட்டுகிற அதே புள்ளி எழுத்து. பழைய வெள்ளி சேர்க்கிறவர்கள் யாராவது இப்படிச் செய்வார்களா? முத்திரை தேய்ந்துவிடும் என்று துணியால் அழுத்தித் துடைக்கவே பயப்படுகிற என்னைக் கொஞ்சமாவது நினைத்தீரா?

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் வெட்டுவிச்சவ," என்றாள் மகள். "ஏனெண்டு கேட்டனான். சிரிச்சவ, அவ்வளவுதான். அன்ரி, இது உங்களுக்கோ, எங்களுக்கோ? என்ரை பிள்ளைக்கு முதல் சோறு தீத்த எண்டு நினைச்சவவோ தெரியேல்லை."

எனக்கும் தெரியவில்லை. சொந்தச் சாமானிலும் நாம் பெயர் வெட்டுகிறோம். இன்னொருவருக்குக் கொடுக்கிற சாமானிலும் கொடுக்கிறவர் பெயரைத்தான் வெட்டுகிறோம். உமக்குத்தான் என்று வழக்கை முடித்துவிட்டீரா, இல்லை எனக்குத் தந்துவிட்டீரா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"நீ கொண்டு போ, பிள்ளை," என்றேன்.

"இல்லை அன்ரி, நீங்கள் வைச்சிருங்கோ. சோறு தீத்திற அண்டைக்குக் கொண்டு வாங்கோ."

அவள் போன பிறகு அந்தக் கரண்டியால் தேத்தண்ணி கலக்கினேன். கட்டைவிரல் உம்முடைய பெயரின் மேல் வந்து நின்றது. புள்ளிகள் இன்னும் தேயவில்லை, விரலில் சொரசொரவென்று படுகின்றன. சீனி கரைந்து வெகுநேரமாகியும் கையை எடுக்க மனம் வரவில்லை. நீர் இல்லாமல் எனக்கு ஏலாமல் இருக்கிறது. சண்டைபிடிக்கக்கூட ஆளில்லை.

உம்முடைய பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நாளில் கொண்டுபோவேன். அங்கேயே விடுவேனா, திரும்பக் கொண்டு வருவேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. விசேஷம் முடிந்ததும் பெயரைப் பார்த்து, உரியவர் வீட்டில் சாமானைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம். பெயர் தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கே கொண்டுவந்து தருவது, சொல்லும்.