கோமியம் படாத அவரை

இன்று காலை அவரைக்காய்க்காரி வாசலில் கூடையை இறக்கியதுமே அந்த வாடை வந்துவிட்டது. பனியில் நனைந்த காய்க்கு மட்டும் உண்டே, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாடை, அதுதான். கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று ஒரு பெயர் இருப்பதை ஓசூருக்குக் குடிபோன பிறகு நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். உரித்து முடித்துக் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். போகவில்லை. நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது மார்கழி இது. இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

ஊரெல்லாம் கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராக அவரை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் மட்டும் அதன் வேரைத் தோண்டி முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வேர் வைத்தியரே, காபி ஆறுது" என்று நீங்கள் வேலை பார்த்த அரசு விவசாயப் பண்ணையின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! விடிந்ததும் தண்டை மண்ணுக்கு ஒரு சாண் மேலே அறுப்பீர்கள். அறுத்த அடித்தண்டில் சைக்கிள் வால்வு டியூப்பை மாட்டுவீர்கள். வேர் தள்ளிவிடும் நீர் அதன் வழியாகக் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதைச் சோடாக்காரத்தோடு கொதிக்கவைத்து, பிறகு அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் சிவப்பு நிறம் வரும். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சமையலறைக் கரி அடுப்புதான் உங்கள் ஆய்வுக்கூடம்.

அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருளின் பெயர் அலன்டாயின். அதன் குடும்பத்துக்கு யூரைடு என்று பெயர். வேர்முடிச்சில் இருக்கும் கிருமிகள் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடிக்கின்றன. பட்டாணிச் செடி அதை வேறொரு பொருளாக்கி மேலே அனுப்புகிறது என்று மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அவரை அப்படிச் செய்வதில்லை, முடிச்சிலேயே யூரைடாக்கி நீரோடு ஏற்றுகிறது, இலையிலும் காயிலும் அது உடைந்து அம்மோனியாவாகி, பிறகு பருப்பின் புரதமாகிறது என்பது உங்கள் கட்சி. "கெட்டிக்காரச் செடி புள்ள இது. கரிச்சத்து கொஞ்சம், தழைச்சத்து நெறைய. ஒரே வண்டியில எவ்ளோ மூட்டை ஏத்துது பாரு!" என்பீர்கள். உங்கள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மேலதிகாரி பார்வையிட வந்த நாளில்தான் எல்லாம் போயிற்று. அவர் சரி என்றால் பண்ணையில் உங்கள் சோதனைக்கு விட்டிருந்த அவரைப் பாத்தி அடுத்த வருடமும் உங்களுடையது. குழாய் சிவந்தது, அவரும் தலையாட்டினார். அப்போது பக்கத்துக் காட்டு முனியம்மா வேலியோரம் வந்து நின்றாள். உங்கள்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். "அவரை நல்லா வந்துக்குதுங்களே சாமி! கண்ணு பட்டுரும், பூச்சி வுழுந்துரும்னு நான்தான் அப்பப்ப கோமியம் தெளிச்சி வுட்டன்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் பூப்பிடித்த பயிருக்குக் கோமியம் தெளிக்காத வீடு கிடையாது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதிகாரி சிரித்துவிட்டார். "மாட்டு மூத்திரத்துலயும் இதே சரக்குதானய்யா இருக்கு. நீர் சோதிச்சது செடியை இல்ல, மாட்டை." கூட வந்தவர்களும் சிரித்தார்கள். தண்டின் மேல் படிந்திருந்தது அறுக்கும்போது நீரில் கலந்திருக்கலாம் என்பதை உங்களால் மறுக்க முடியவில்லை. பாத்தியை உழுது கேழ்வரகுக்கு விடச் சொல்லிவிட்டுப் போனார்.

முனியம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் தெளித்தது அன்பால். அதிகாரியைத்தான் வாய்விட்டுச் சபித்தேன். "ஏங்க, வீட்டுப் பின்னால நாலு கொடி போட்டு மறுபடி பாத்துருவோமே" என்று கெஞ்சினேன். "வேணாம் புள்ள. மாட்டுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாத பய நானு" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தச் செடியையும் குனிந்து பார்க்கவில்லை. கோடையில் விஷக்காய்ச்சல் வந்தது. மருந்தை வாங்கிக் குடித்தீர்கள், ஆனால் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இங்கே மாடு கிடையாது. கிணற்றடியில் அவரை விதை போட்டு, கிணற்றுத் தண்ணீர் தவிர வேறு எதுவும் படவிடாமல் காத்தேன். போன வாரம் ஒரு விடியற்காலையில் தண்டைக் கழுவித் துடைத்து அறுத்தேன். வடிந்த நீரை நீங்கள் செய்தது போலவே கொதிக்கவைத்து, உங்கள் பெட்டியில் மிச்சமிருந்த மருந்துகளைப் போட்டேன். வெறும் கிணற்றுத் தண்ணீரையும் அதே மாதிரி செய்து பார்த்தேன், அதில் சிவப்பு வரவில்லை. அவரைத் தண்டின் நீர் சிவந்தது, ரத்தமாகச் சிவந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்து, "இதுக்கா காலையிலருந்து அடுப்பை வுடாம குந்திக்கினு இருந்த? சரி, அந்த ஆபீசருக்கு ஒரு கடுதாசி போடு" என்றார். போட்டு என்ன ஆகப்போகிறது? அவர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? நம்ப வேண்டியவர் நீங்கள் ஒருவர்தானே.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் சொன்னது சரி. அது செடியிலிருந்துதான் வந்தது. நீங்களோ உங்களை முட்டாள் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனீர்கள். இதை எனக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். இப்போது நான் ஒருத்தி தெரிந்துவைத்துக்கொண்டு என்ன செய்ய, சொல்லுங்கள்?