பூட்டுக்கடைக்காரர் வீட்டுக் கதவு

ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நான் நலம். என் மானம் மட்டும் சற்று நலமில்லை. நானே போன் போட்டு அழைத்த மனநல உதவிக்குழுவை வாசலில் பார்த்ததும், “ஒண்ணும் வேணாம்மா, போன வாரம்தான் வாங்கினோம்” என்று கதவைச் சாத்தப் போனேன். சீருடை இல்லை, தோளில் பை. சோப்புத்தூள் விற்பவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

உன் தம்பி அறையைப் பூட்டிக்கொண்டு யாரோடோ சண்டை போட்டான். உள்ளே அவன் மட்டும்தான். பிறகு சத்தமே இல்லை. நான் போனில் சொன்னதும் நீ பதறிப்போய் அங்கிருந்தே கூப்பிட்டதால் போலீசும் வந்தது.

“பூட்டுக்கடைக்காரர்தானே நீங்க? திறங்க, தூக்கிட்டுப் போறோம்” என்றார் போலீஸ்காரர்.

“வேணாம். உள்ள இருக்கிறவரே திறக்கட்டும்” என்றார் குழுவில் வந்த அம்மா. என் கருவிப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யார் பேச்சைக் கேட்பது? திருதிருவென்று முழித்தேன்.

“பேசணும்னு இல்ல தம்பி. இருக்கீங்கன்னா ஒரு தட்டு தட்டுங்க” என்றார் அந்த அம்மா, கதவைப் பார்த்து.

வெகுநேரம் கழித்து ஒரு தட்டு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா போலீசைக் கீழே அனுப்பினார். சாயங்காலம் அவனே கதவைத் திறந்தான்.

அப்பா

வியாழன்

அன்புள்ள அப்பா,

போலீசைக் கூப்பிட்டது சரியா தப்பா என்று எனக்கே புரியவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வேறென்ன செய்வேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சத்தம் நின்ற பிறகு அவர்கள் வரும்வரை நீங்கள் தனியாகத்தானே இருந்தீர்கள்? எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டே திறப்பீர்களே, ஏன்ப்பா திறக்கவில்லை? அம்மா இருந்திருந்தால் உடைத்திருப்பாள்.

உங்கள் மகள்

செவ்வாய்

அன்பு மகளுக்கு,

உடைத்திருப்பாள். பிறகு என்னையும் உடைத்திருப்பாள்.

தம்பி மருந்து சாப்பிடுகிறான். நேற்று கடைக்கு வந்து உட்கார்ந்தான். அவனும் அதையேதான் கேட்டான்.

“அந்தம்மா வேணாம்னாங்கடா.”

“அவங்க வர்றதுக்கு முன்னாடி?”

கையிலிருந்த சாவியை அரத்தால் இன்னும் வேகமாக ராவினேன்.

அந்த அம்மா செய்தது சரியா, போலீஸ் சொன்னது சரியா, எனக்கு இன்னும் குழப்பம்தான். உன் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். அவர்கள் வருமுன்பே பூட்டில் கம்பியை நுழைத்துத் திருப்பத் தொடங்கிவிட்டேன். கடைசி அரைச்சுற்று பாக்கி. அதற்குமேல் கை வரவில்லை.

அவனிடம் சொல்லாதது இதுதான்: கதவு மூடியிருந்தவரை, என் பிள்ளை உள்ளே உயிரோடு இருந்தான்.

அப்பா